மருத்துவ மாணவருக்குக் கண் பற்றி எதைச் சொல்லித் தருவது? செட்டிநாட்டை வைத்து ஒரு வழிகாட்டி

கண் மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து சில மாதம்கூட ஆகியிருக்காது. துறைத் தலைவர் கூப்பிட்டு, “இந்த பேட்ச்சுக்கு டீச்சிங் பிளான் நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு தியேட்டருக்குப் போய்விடுவார். போன பேட்ச்சின் அட்டவணை மேசையில் கிடக்கும். தேதியை மட்டும் மாற்றி நீட்டினால் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் ஒரு ஆள் செய்துவிடக்கூடிய வேலை.

செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. சிவகங்கையில் 2012-லும் புதுக்கோட்டையில் 2017-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. நான் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் இருப்பதால் என் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இங்கிருந்துதான் வரும். வேறு ஊரில் இருப்பவர்கள் முறையை எடுத்துக்கொண்டு நோய்களை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் யாருக்காக என்பதை எழுதி வையுங்கள்

உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் கண் மருத்துவராகப் போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பொது மருத்துவர், குழந்தை மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலைய அலுவலர், கேஷுவல்டி டியூட்டி டாக்டர் என்று போவார்கள். ஆகவே ஒரு தாளில் இந்த ஆளை எழுதிவிடுங்கள்: இரவு பத்து மணி, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம், கையில் டார்ச், சுவரில் பார்வை அளக்கும் ஸ்நெல்லன் அட்டை, ஒரு ஸ்டாஃப் நர்ஸ், பக்கத்தில் கண் மருத்துவர் யாரும் இல்லை. பெரிய கண் மருத்துவமனைகள் இருக்கும் மதுரை, காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடைப்பதும் சந்தேகம். வந்திருக்கும் நோயாளிக்கு இந்த டாக்டர் என்ன செய்ய வேண்டும்? பாடத்தில் எதைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

பல கல்லூரிகளில் கண் மருத்துவப் பாடம் மேற்படிப்புப் பாடத்தின் சுருக்கமாகவே இருக்கிறது. கண்புரை அறுவைசிகிச்சையின் ஒவ்வொரு படியும் மாணவருக்கு மனப்பாடம். கண் சிவந்து வந்தவருக்கு முதலில் பார்வை எவ்வளவு என்று அளக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றுவதில்லை. மாணவர் மேல் குறை இல்லை, நாம் கேட்ட கேள்விகள் அப்படி.

எது உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். 2018-ல் வெளிவந்த திறன்வழிப் பாடத்திட்டம் கண் மருத்துவத்துக்கு 9 தலைப்புகளும் 60 திறன்களும் வகுத்தது. ஒவ்வொரு திறனுக்கும் எதிரே, மாணவர் அதை அறிந்தால் போதுமா, எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டுமா, செய்து காட்ட வேண்டுமா, தானாகவே செய்ய வேண்டுமா என்று நிலை குறிக்கப்பட்டிருக்கும். பிறகு வந்த திருத்தங்களையும் சேர்த்து, உங்கள் பேட்ச்சுக்கு எது பொருந்துமோ அந்தப் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் பாடத்திட்டக் குழுவிலும் மருத்துவக் கல்விப் பிரிவிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கையில் இருப்பவை: எந்தத் தலைப்புக்கு எத்தனை மணி நேரம், வகுப்பறையிலா வார்டிலா, உள்தேர்வில் என்ன கேள்வி, போஸ்டிங்கில் தினமும் என்ன வேலை, ஹவுஸ் சர்ஜனுக்கு என்ன பொறுப்பு. இவ்வளவும் உங்களுடையவை. ஒரு பாடத்தின் முகத்தையே மாற்ற இது போதும்.

பதிவேட்டை எடுத்து வாருங்கள்

இதுதான் அலைச்சல் பிடித்த வேலை, ஆனால் தவிர்க்கவே கூடாது. இரண்டு மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஓ.பி. பதிவேடு, ஒரு தாலுகா மருத்துவமனையின் கேஷுவல்டி பதிவேடு, இரண்டையும் முறைப்படி அனுமதி வாங்கிப் பாருங்கள். பெயர், முகவரி எதையும் எடுக்கக் கூடாது. வயது, தொழில், முறையீடு, என்ன செய்தார்கள், எங்கே அனுப்பினார்கள், இவ்வளவு போதும்.

முறையீட்டை நோயாளி சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். “கண்ணுல பூ விழுந்திருச்சு”, “சதை வளர்ந்திருக்கு”, “திரை போட்ட மாதிரி இருக்கு”, “ராத்திரி விளக்கைச் சுத்தி வட்டமாத் தெரியுது”, “புள்ளைக்குக் கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மின்னுது”. பாடத்தின் வரிசையையும் இப்படியே அமைத்துவிடலாம். நோயின் பெயரோடு யாரும் உள்ளே வருவதில்லை. சிவந்த கண், திடீரென்று போன பார்வை, மெல்ல மெல்ல மங்கிய பார்வை, அடிபட்ட கண், குழந்தையின் கண் என்று ஐந்து வாசல் வைத்தால் பெரும்பாலான நோய்கள் அவற்றுக்குள் அடங்கிவிடும்.

பருவத்தையும் கவனியுங்கள். ஒரே ஒரு மாதப் பதிவேட்டை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்தால் ஏமாந்துபோவோம். தையில் அறுவடை, கூடவே சிராவயல் பக்கம் மஞ்சுவிரட்டு. தீபாவளியில் பட்டாசு. இடையில் மெட்ராஸ் ஐ பரவும் வாரங்கள். சீமைக் கருவேலம் வெட்டுவதும் கரிமூட்டம் போடுவதும் நடக்கும் நாட்களில் கண்ணில் முள் குத்தி வருபவர்கள். ஆத்தங்குடியில் தளக்கல் போடுகிறவர், பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை பூசுகிறவர், வெல்டிங் பட்டறைப் பையன், மரச்சிற்பம் செதுக்குகிறவர், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் என்று ஒவ்வொரு தொழிலும் கண்ணை ஒவ்வொரு விதமாகப் பாதிக்கிறது. தொழில் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் இவை எதுவும் கண்ணில் படாது.

பதிவேட்டில் இல்லாதவர்களை மறக்காதீர்கள்

வலித்தவர்தான் வருவார். சர்க்கரை நோயால் விழித்திரை கெடத் தொடங்கும்போது வலி கிடையாது, பார்வையும் ஆரம்பத்தில் குறையாது. கண் அழுத்த நோயான கிளாக்கோமாவில் பக்கவாட்டுப் பார்வை சத்தமில்லாமல் போகும். ஒரு கண் மட்டும் சோம்பிப்போன குழந்தைக்கு அது தெரியவே தெரியாது, மற்றக் கண்ணால் ஓடியாடிக்கொண்டிருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பார்க்கச் சொல்லித் தாய் வந்து கேட்கப்போவதில்லை.

இந்த இடத்தில் கணக்கெடுப்புகள் உதவும். 2015–2019 தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை, 66.2 சதவீதம். கருவிழியில் (கார்னியாவில்) விழும் தழும்பு 8.2 சதவீதம். ஆனால் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் கருவிழித் தழும்புதான் முதலிடம், 37.5 சதவீதம். உழைக்கிற வயதில் பார்வை போகிறவர்களில் பெரும்பங்கு கருவிழியில் போகிறது என்றால், கருவிழிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அட்டவணையைத் திருப்பிப் பார்க்கத்தானே வேண்டும்?

செட்டிநாட்டில் இன்னொரு கூட்டமும் பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாகவோ ஒரு உதவியாளோடோ இருக்கும் ஆச்சிமார்கள். முகப்பு வெயிலிலிருந்து வளவுக்குள், அதாவது வீட்டின் உள்பகுதிக்குள், கால் வைத்தால் சட்டென்று இருட்டு. வாசலுக்கு வாசல் நிலைப்படி. புரை வளர்ந்த கண்ணுக்கு அந்த வெளிச்ச மாற்றம் பிடிபடாது. இடுப்பெலும்பு முறிந்து எலும்பு வார்டில் படுத்திருக்கும் முதியவரின் பார்வையை யாராவது அளந்தார்களா என்று கேளுங்கள். விழுந்து வந்தவருக்குக் கண் பார்ப்பதும் பாடத்தில் வரட்டும், எலும்பு மருத்துவத் துறையோடு சேர்ந்து எடுக்கும் ஒரு மணி நேரமாக.

ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு கேள்வி

பட்டியல் நீளமாக இருக்கும். ஒவ்வொன்றையும் இப்படிக் கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். நம் பகுதியில் எவ்வளவு சகஜம்? தாமதித்தால் எவ்வளவு இழப்பு? பொது மருத்துவர் செய்வதால் முடிவு மாறுமா? கிடைக்கும் நேரத்தில் மாணவர் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

‘சதை வளர்தல்’ மிகச் சகஜம், ஆனால் அவசரம் குறைவு. அது புரை இல்லை என்று புரியவைத்து, வெயிலுக்குக் கண்ணாடி போடச் சொல்லி, கருவிழியின் நடுவை நோக்கி வளர்ந்தால் அனுப்பத் தெரிந்தால் போதும். விழித்திரைப் புற்று அரிது. ஆனால் குழந்தையின் கண்மணி வெள்ளையாக மின்னுகிறது என்று தாய் சொல்வதைத் தட்டிக் கழித்தால் போவது உயிர். அதற்கு இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் முழு மதிப்பெண். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயும் அப்படியே. 34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும், மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. கண் மருத்துவர் செய்யும் பரிசோதனைதான். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியை எழுதப்போவது குழந்தை வார்டில் இருக்கும் நம் மாணவர்.

கூட்டுத்தொகை ஒரு உதவிக்குத்தான். அதுவே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தலைப்பைச் செயலாக மாற்றுங்கள்

‘கருவிழிப் புண்’ என்று அட்டவணையில் எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் நான்கு வரி வேண்டும்: தானே செய்ய வேண்டியது, செய்துவிட்டு அனுப்ப வேண்டியது, ஒரு நொடியும் வைத்திருக்காமல் அனுப்ப வேண்டியது, செய்யவே கூடாதது. நான்காவது வரியைத்தான் பெரும்பாலான பாடத்திட்டங்கள் விட்டுவிடுகின்றன. என் கணக்கில் நம் பகுதிக்கு அதுதான் மிக முக்கியம். இரண்டு எடுத்துக்காட்டுகளை முழுசாகச் சொல்கிறேன்.

முதலாவது, முள் குத்திய கண். கருவேல முள்ளோ நெல் தாளோ மாட்டு வாலோ கண்ணில் பட்டு, உறுத்தலோடு ஒருவர் வருகிறார். அதற்கு முன்பே யாராவது நந்தியாவட்டைச் சாறு விட்டிருக்கலாம், தாய்ப்பால் விட்டிருக்கலாம், நாக்கால் தூசி எடுக்கிறவரிடம் போய் வந்திருக்கலாம். திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள், திட்டினால் மறைத்துவிடுவார்கள். மாணவர் முதலில் இரண்டு கண்ணின் பார்வையையும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும். பிறகு ஃப்ளோரெசின் என்ற சாயம் தடவிய தாளை ஒரு சொட்டு சலைனில் நனைத்து, கீழிமையின் உள்பக்கம் தொட்டு, கண்ணை மூடித் திறக்கச் சொல்லி, நீல ஒளியில் பார்க்க வேண்டும். கீறல் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். மேலிமையின் அடியில் தூசி ஒட்டியிருந்தால் செங்குத்துக் கோடுகளாகக் கீறல் தெரியும், அப்போது இமையைப் புரட்டி எடுக்க வேண்டும். ஒரு மாணவர் இதை ஒருமுறை தன் கையால் பார்த்துவிட்டால் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டார்.

வெறும் கீறல்தான், வெள்ளை இல்லை என்றால், ஆண்டிபயாடிக் களிம்பு கொடுத்து மறுநாளே திரும்பப் பார்க்க வேண்டும். மதுரை மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில், கீறல் பட்டதும் சுகாதாரப் பணியாளர் மூலம் மூன்று நாள் களிம்பு போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கே புண் வந்தது. கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேறு கதை. 1990-களில் மதுரையில் கருவிழிப் புண்களை ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட பாதிக்குப் பூஞ்சையே காரணம் என்று தெரிந்தது. பூஞ்சை என்றால் ஆண்டிபயாடிக்கில் அடங்காது, நேட்டமைசின் போன்ற மருந்து வேண்டும். எந்தக் கிருமி என்று சுரண்டிப் பார்த்தாக வேண்டும். ஆகவே அனுப்ப வேண்டும், அன்றைக்கே. செய்யவே கூடாதது: ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. போட்டதும் சிவப்பு குறையும், நோயாளி நன்றி சொல்லிப் போவார், உள்ளே பூஞ்சை கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும். முள் குத்திய கண்ணில் பேடு வைத்து இறுக்கிக் கட்டுவதும் கூடாது. சிவந்த கண் எதற்கும், ஃப்ளோரெசின் போட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு எழுதக் கூடாது. எம்.பி.பி.எஸ். முடிப்பதற்குள் இந்த ஒன்றாவது எலும்பில் ஊறியிருக்க வேண்டும்.

இரண்டாவது, சுண்ணாம்பு. நம் வீடுகளில் விசேஷம் என்றால் வெற்றிலைத் தட்டு இல்லாமல் இராது. தட்டிலிருக்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தை ஒரு குழந்தை கையில் எடுத்துப் பிதுக்கும், அது பீய்ச்சிக் கண்ணில் அடிக்கும். காரை பூசும் கொத்தனாருக்கும் சிமென்ட் கலக்கும் சித்தாளுக்கும் இதே ஆபத்து உண்டு. சுண்ணாம்பும் சிமென்ட்டும் காரப் பொருள்கள் (அல்கலி), காரம் கண்ணின் உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும். அமிலத்தைவிட மோசம் என்பது அதனால்தான். ஆகவே ஓ.பி. சீட்டு, பெயர், வயது, விசாரணை எல்லாம் அப்புறம். முதலில் தண்ணீர். மாணவரின் கை போக வேண்டிய வரிசை இது: வலி மரத்துப்போகச் சொட்டு மருந்து, சலைன் பாட்டில், டிரிப் செட், இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் விடாமல் கழுவுதல். சலைன் இல்லையென்றால் குடிநீரே போதும், காத்திருக்க வேண்டாம். நடுவே மேலிமையை இரட்டையாகப் புரட்டி, மடிப்பில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகளை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். அது உள்ளேயே இருந்தால் எவ்வளவு கழுவினாலும் காரம் கசிந்துகொண்டே இருக்கும். கழுவி முடித்துச் சில நிமிடம் கழித்து பி.எச். தாளை வைத்துப் பார்க்க வேண்டும், 7-க்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் மறுபடி கழுவ வேண்டும். பிறகே ஆம்புலன்ஸ். எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று எதையாவது விட்டு முறிக்கப் பார்ப்பது கூடாது. கழுவாமல் மதுரைக்கு அனுப்பினால் அந்த 90 கிலோமீட்டரிலேயே கண் போய்விடும்.

இப்படி எழுதிய பிறகு அந்தத் தலைப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது தானாகவே தெரியும். சுண்ணாம்புக்கு விரிவுரை கால் மணி நேரம், கைப்பழக்கம் ஒரு மணி நேரம்.

கிளாக்கோமாவின் திடீர்த் தாக்குதலையும் இப்படியே எழுதிவிடுங்கள்: வாந்தியும் தலைவலியுமாக மெடிக்கல் வார்டில் படுத்திருக்கும் அம்மாவின் கண் சிவந்திருக்கிறதா, கண்மணி பாதி விரிந்து அசையாமல் நிற்கிறதா, விரலால் மெல்ல அழுத்தினால் மற்றக் கண்ணைவிடக் கல்லாக இருக்கிறதா. சர்க்கரை நோயாளி விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். “கண்ணுக்குள்ள மருந்து விட்டு, கண்ணு பாப்பாவை விரிய வச்சு கடைசியா எப்பப் பார்த்தாங்க?” பலரும் “கண்ணாடிக்கடையில பார்த்தாச்சே” என்பார்கள். கண்ணாடிப் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது என்று அங்கேயே விளக்கத் தெரிய வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. மாத்திரை வாங்குகிறவருக்கு வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை நடக்கிறதா என்று பார்க்கும் டாக்டரை உருவாக்குவது நம் பொறுப்பு.

யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது

கண் மருத்துவர்கள் மட்டும் கூடிப் பேசினால் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகும். ஆரம்ப சுகாதார நிலைய அலுவலர் ஒருவர், கேஷுவல்டி டாக்டர், குழந்தை மருத்துவர், பொது மருத்துவர், கண் மருத்துவ உதவியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், அப்போதுதான் பயிற்சி முடித்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர், முடிந்தால் நோயாளி ஒருவர். பத்து பேருக்கு மேல் வேண்டாம்.

கூட்டத்துக்கு முன்பே பட்டியலை அனுப்பி, ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று காட்டாமல் தொகுத்து, மறுபடி ஒருமுறை அனுப்புங்கள். இதற்கு டெல்ஃபி முறை என்று பெயர், 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. நமக்கு இது இன்னொரு காரணத்துக்காக அவசியம். பேராசிரியர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஹவுஸ் சர்ஜனோ செவிலியரோ வாயைத் திறக்கமாட்டார்கள். தாளில் எழுதச் சொன்னால் எழுதுவார்கள்.

கூட்டத்தில் எதைக் கவனிப்பது? பெரியவர் ஒருவர், “ஸ்லிட் லாம்ப்பில் முன்னறையின் ஆழம் பார்க்கத் தெரியாம எப்படி சார் டாக்டர் ஆக முடியும்?” என்பார். (ஸ்லிட் லாம்ப் என்பது கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி, முன்னறை என்பது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி.) சுகாதார நிலைய அலுவலர் தயங்கித் தயங்கி, “சார், எங்ககிட்ட ஸ்லிட் லாம்ப்பே இல்லையே” என்பார். அந்த இரண்டாவது குரலைக் குறித்துக்கொள்ளுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து முன்னறையின் ஆழத்தைக் கணிக்கும் முறைக்கு அட்டவணையில் இடம் கிடைப்பது அங்கேதான்.

வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்

ஆணையம் கட்டாயம் என்று வைத்ததை நீக்க முடியாது. ஆனால் ‘அறிந்தால் போதும்’ என்று குறித்திருப்பதற்கு நாமாகவே மூன்று மணி நேரம் கொடுத்திருப்போம், அதைக் குறைக்கலாம். அறுவைசிகிச்சைகளின் நுட்பம், மாறுகண் வகைகளின் நுணுக்கப் பிரிவுகள், அரிய பரம்பரை நோய்கள் எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளும் பகுதிக்குப் போகட்டும். தியேட்டரில் மாணவர்களை வரிசையாக நிற்க வைத்துப் புரை அறுவைசிகிச்சையைக் காட்டும் நாட்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற நாட்களை ஓ.பி.க்கும் கேஷுவல்டிக்கும் கொடுங்கள். புரை நோயாளியோடு பேசும் வேலை அதைவிடப் பயன்படும்: முற்றிப் பழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் செய்யமாட்டார்கள், அதற்குப் பிறகு கண் சிவந்து வலித்தாலோ பார்வை குறைந்தாலோ அன்றே வர வேண்டும்.

துறைக்குள் முணுமுணுப்பு வரும். பதிவேட்டுத் தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள், பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

எங்கே, எப்படிப் பழக்குவது

இமை புரட்டுவது, கண்மணியின் ஒளி எதிர்வினை, நேருக்கு நேர் உட்கார்ந்து பார்வைப் பரப்பு பார்ப்பது எல்லாம் மாணவர்கள் ஒருவருக்கொருவர் செய்து பழகலாம். கருவிழித் தூசி எடுக்க ஆட்டுக் கண் போதும். கறிக்கடையில் சொல்லி வைத்தால் காலையிலேயே கொடுத்துவிடுவார்கள். தெர்மாகோலில் குழி வெட்டிப் பதித்து, இரும்புத் தூளைக் கருவிழியில் அழுத்தி வைத்து, ஊசி முனையை எந்தக் கோணத்தில் கொண்டுபோவது என்று காட்டுங்கள். முனை கண்ணுக்கு நேராக நிற்கக் கூடாது, கருவிழியை ஒட்டிக் கிடைமட்டமாக வர வேண்டும்.

கண் சிகிச்சை முகாமுக்கு மாணவர்களை அழைத்துப் போனால், டோக்கன் கொடுக்கும் வேலையோடு நிறுத்திவிடாதீர்கள். கல்யாண மண்டபத்தில் ஆறு மீட்டரைக் கயிற்றால் அளந்து, அட்டைக்கு வெளிச்சம் போதுமா என்று பார்த்து, எழுத்துத் தெரியாதவருக்கு ‘ஈ’ வடிவ அட்டையைக் காட்டி, பார்வை குறைந்தவருக்குப் பின்ஹோல், அதாவது சிறு துளையிட்ட தகடு, வைத்துப் பார்க்கட்டும். பின்ஹோலில் தெளிவானால் கண்ணாடி போதும், தெளியாவிட்டால் உள்ளே கோளாறு. அந்த ஒரு துளை மாணவரை நோயறிபவராக ஆக்கிவிடும்.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் முதலாண்டிலிருந்தே மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களுக்குப் போய்வருகிறார்கள். அந்த வீட்டில் கிளாக்கோமா மருந்து விடுகிற ஆச்சி இருந்தால், “ஆச்சி, எப்படி விடுறீங்கன்னு ஒருதடவை காட்டுங்க” என்று கேட்கச் சொல்லுங்கள். மூட்டு வீங்கிய விரலால் குப்பியைப் பிதுக்க முடியாது. கை நடுங்கும். இரண்டு சொட்டு கன்னத்தில் வழியும், ஒன்று இமையில் விழும். மாதக் குப்பி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். ஆச்சி மருந்து நின்றுபோனதைச் சொல்லவும் மாட்டார். படுத்துக்கொண்டு விடுவது, ஒரு சொட்டே போதும், விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்வது, இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. எல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் அந்தக் கண்ணின் பார்வை இவற்றில்தான் நிற்கிறது.

கண் தானத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மரணத்தைச் சொல்லும் டாக்டர் பெரும்பாலும் நம் மாணவராகத்தான் இருப்பார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடி போட்டவரும் சர்க்கரை நோயாளியும் கொடுக்கலாம். இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவருக்கு, அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தின் முன்னால் நாக்கு எழாது.

தேர்வில் வராதது பாடத்தில் இல்லை

மாணவர் எதைப் படிப்பார் என்பதை முந்தைய வினாத்தாள்தான் முடிவு செய்யும். ஆகவே உள்தேர்வின் செய்முறையில் கட்டாயமாக இவை வரட்டும்: பார்வையை அளந்து எழுதுதல், ஃப்ளோரெசின் போட்டுக் கீறலைக் காட்டுதல், பொம்மையில் கண் கழுவுதல், குழந்தையின் கண்மணியில் சிவப்பொளி பார்த்தல், அனுப்பும் கடிதம் எழுதுதல். கண் கழுவும் இடத்தில் ஒரு நிபந்தனை வையுங்கள். வரலாறு கேட்க ஆரம்பித்துவிட்டுத் தாமதமாகத் தண்ணீரைத் தொட்டவர் அந்த நிலையத்தில் தேறவில்லை, அதை மறுபடி செய்ய வேண்டும். பேட்ச் முழுக்க இந்தச் செய்தி ஒரே நாளில் பரவிவிடும்.

ஒரு வருடம் கழித்து

அடுத்த பேட்ச்சுக்குத் திட்டம் போடும் முன், பயிற்சி முடித்தவர்களைக் கூப்பிட்டு, டியூட்டியில் கண் நோயாளி வந்தபோது எங்கே கை நின்றுபோனது என்று கேளுங்கள். அதோடு, சுகாதார நிலையங்களிலிருந்து வரும் அனுப்பும் கடிதங்களை ஒரு நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஐந்து கட்டம் போதும்: தேதி, அனுப்பிய காரணம், பார்வை எழுதியிருக்கிறதா, அனுப்பும் முன் என்ன மருந்து போட்டார்கள், நோயாளி வந்து சேர்ந்தாரா. மூன்றாவது கட்டம் காலியாகவே வந்தால் பார்வை அளக்கும் வகுப்பை மறுபடி எடுக்க வேண்டும். நான்காவதில் ஸ்டீராய்டு தென்பட்டால் அந்த நிலையத்துக்கு நீங்களே ஒருமுறை போய்வாருங்கள். ஐந்தாவது காலி என்றால், அந்த வாரம் முடிவதற்குள் ஹவுஸ் சர்ஜன் நோயாளி வீட்டுக்குப் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டு, பதிலை அதே கட்டத்தில் எழுதட்டும்.